கைக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று, எலும்புக்கு என்ன வைத்தியம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு உள்ளே நொய்ந்துபோகும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) பற்றி நம் நாளிதழ்களில் வருவன பெரும்பாலும் பால் குடியுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள், காலை வெயிலில் நில்லுங்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. அவை தவறில்லை. ஆனால் ஏற்கெனவே ஓர் எலும்பு முறிந்துவிட்ட அம்மாவுக்கு அந்த அறிவுரை போதாது. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியிருக்கும் நம் அம்மாமார், பாட்டிமாரிடம் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு ஏன் முறிந்தது என்று மருத்துவமனையிலும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தான் இந்தக் கடிதம்.

நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு எலும்பு முறிந்தால், தரை வழுக்கியது மட்டும் காரணமில்லை. நல்ல எலும்பு அந்த அளவு அடியைத் தாங்கும். கரையான் அரித்த பலகை போல வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே நொய்ந்துவிட்டது என்று பொருள். மணிக்கட்டு பெரும்பாலும் ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் முறிகிறது, அப்போது விழும்போது கையை ஊன்றும் சுறுசுறுப்பு இருக்கிறது. எழுபத்தைந்துக்குமேல் அது குறைந்து, இடுப்பு நேராகத் தரையில் மோதுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளைத்தான் நாம் வீணாக்குகிறோம். ஒரு முறை முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் முதல் இரண்டு ஆண்டுகள்தான் மிக மோசம்.

மணிக்கட்டு முறிந்தால் தெரியும். முதுகில் முள்ளெலும்பு நசுங்கினால் மூன்றில் இரண்டு பேருக்குத் தெரிவதே இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கியபோதோ தண்ணீர் வாளியை நகர்த்தியபோதோ முதுகில் 'சுரீர்' என்றது, தைலம் தேய்த்தார், கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார், இரண்டு மாதத்தில் வலி குறைந்தது, வயசு என்று விட்டுவிட்டார்கள். இப்படி ஒன்று நசுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று நசுங்குகிறது. இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் கூன் விழும். கூன் பார்வைக்கு மட்டும் குறை என்று நினைக்க வேண்டாம். விலா எலும்பு இறங்கி வயிற்றை அழுத்துவதால் நாலு வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும், நெஞ்செரிச்சல் வரும், நுரையீரல் விரிய இடமில்லாமல் படி ஏறினால் மூச்சு வாங்கும். சாப்பாடு குறையக் குறையத் தசை குறையும், தசை குறைந்தால் மறுபடி விழுவார்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். செருப்பில்லாமல் குதிகால் இரண்டும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். முகத்தை நேராக வைத்தபடி பின்னந்தலை சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் மேல்முதுகில் நசுங்கியிருக்கலாம். அடுத்து, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் நுழையாவிட்டால் கீழ்முதுகைச் சந்தேகிக்க வேண்டும். இளவயதில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பக்கவாட்டில் எடுக்கும் முதுகு எக்ஸ்ரே கேளுங்கள். நெஞ்சுக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே இதற்கு உதவாது.

இன்னும் விழாதவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மலேசியா உட்பட எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை வைத்து 2001இல் வகுத்தது. மாதவிடாய் நின்ற பெண்ணின் எடையிலிருந்து (கிலோவில்) வயதைக் கழித்து, வருவதை 0.2ஆல் பெருக்க வேண்டும். விடை மைனஸ் 4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம், மைனஸ் 4க்கும் மைனஸ் 1க்கும் நடுவே இருந்தால் நடுத்தரம். 74 வயது, 46 கிலோ என்றால் மைனஸ் 5.6. அவர் உடனே டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டியவர். அந்த ஸ்கேன் இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும். அந்த அடர்த்தியை இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை. கருவி எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் இல்லை, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இடுப்போ முள்ளெலும்போ லேசான அடியில் முறிந்துவிட்டால் அதுவே எலும்புப்புரை என்பதற்குச் சான்று. ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மேலே சொன்ன கணக்கும் ஸ்கேனும் நம்மவர்களில் பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு, அது இனிப்புநீர் (நீரிழிவு). 68 வயது, 75 கிலோ அம்மாவுக்குக் கணக்கு 'பயமில்லை' என்றுதான் சொல்லும். அவருக்குப் பதினைந்து வருடமாக இனிப்புநீர் இருந்தால் நிலைமை வேறு. டைப் 2 நீரிழிவில் எலும்பின் அடர்த்தி சரியாகவோ கூடுதலாகவோகூட இருக்கும், ஆனால் எலும்பின் தரம் கெட்டிருக்கும், அதே டி-ஸ்கோர் உள்ள மற்றவர்களைவிட எளிதில் முறியும். இதோடு பாதம் மரத்துப்போதல், கண் மங்கல், இரவில் சர்க்கரை இறங்கித் தள்ளாடுதல் எல்லாம் சேர்ந்து விழவும் வைக்கும். பால்மரம் சீவி, உரம் போட்டு, கட்டை தூக்கிய உடம்பு, எலும்பு கெட்டியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உழைத்த காலத்தில் அது உண்மை. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் போனதும் எலும்பு வேகமாகக் கரைகிறது, பழைய உழைப்பு அதைத் தடுத்து நிறுத்தாது. இது சீனப் பெண்களுக்கு வரும் நோய் என்ற பேச்சும் உண்டு. 1996, 1997ஆம் ஆண்டுகளின் இடுப்பு முறிவுகளை வைத்து மலேசியாவில் செய்த கணக்கில் சீனர்கள் முதலிடம் என்பது சரிதான். ஆனால் இந்தியர்கள் அவர்களுக்கு அடுத்தபடியாக இருந்தார்கள், மலாய்க்காரர்கள்தான் குறைவு.

மூட்டுவலிக்கு இரவுச் சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கும் ஜாமு (மூலிகை நாட்டு மருந்து) மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பல முறை பிடிபட்டு, சுகாதார அமைச்சும் எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பு அரிக்கும், தோல் மெலிந்து நீலம் பாயும், முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். பதிவான மருந்தின் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். இதுவரை சாப்பிட்டுவந்தவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, உடம்பு அந்த ஸ்டீராய்டுக்குப் பழகியிருக்கும், திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம். மாத்திரையை அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) காட்டுங்கள்.

இனி மருந்து. முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை. இதைத் தப்பாகச் சாப்பிட்டு, பலன் இல்லை என்றோ நெஞ்செரிகிறது என்றோ பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். காலையில் எழுந்ததும், பசியாறுவதற்கு முன், வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் (200 மில்லிலிட்டராவது) வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். மைலோ, தேத்தண்ணீர், பால் எதுவும் கூடாது, அவற்றோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. கடிக்கவோ சப்பவோ கூடாது. விழுங்கியபின் அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ நடந்தோ இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். அரை மணிக்குப் பிறகுதான் மற்ற மாத்திரைகள், சாப்பாடு எல்லாம். கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை என்று முடிவு செய்து நாள்காட்டியில் வட்டமிடுங்கள். வெள்ளிக்கிழமை விரதம், பூசை என்று நேரம் மாறும் வீடுகளில் வேறு கிழமை நல்லது. நிமிர்ந்து உட்கார முடியாதவர், விழுங்குவதில் சிரமம் உள்ளவர், சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே போனவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை ஒத்துவராது. இனிப்புநீர்க்காரர்கள் அந்த எண்ணைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாத்திரை முடியாதவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் உண்டு. சிறுநீரக எல்லை இதற்கும் அதேதான். இடுப்பு முறிவுக்கு அறுவை செய்து 90 நாளுக்குள் இதை ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன, இறப்பும் 28 விழுக்காடு குறைந்தது. முதல் தடவை ஏற்றியபின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாரசிட்டமாலும் நிறையத் தண்ணீரும் போதும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒன்று. இந்த ஊசியில்தான் மிகப்பெரிய தவறு நடக்கிறது. வலி இல்லை, செலவு மிச்சம் என்று அடுத்த ஊசியை விட்டுவிடுகிறார்கள். இதன் வேலை நின்றதும் எலும்பு முன்னைவிட வேகமாகக் கரையும், முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கியவர்கள் உண்டு. முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டக் கூடாது. நிறுத்த வேண்டிய கட்டாயம் வந்தால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தொடர்ந்து கட்ட முடியுமா என்று தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் கூடிப் பேசிக்கொள்வது நல்லது.

தாடை எலும்பு அழுகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தையே தொடாதவர்களும் இருக்கிறார்கள். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிது. பிடுங்க வேண்டிய பல்லை முன்கூட்டியே பிடுங்கி, ஆறியபின் மருந்தைத் தொடங்கினால் போதும். மாத்திரை ஐந்து ஆண்டு ஆனதும் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்த மருந்தில் இருப்பவருக்குத் தொடையில் காரணமில்லாத வலி வந்தால் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உணவைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 250 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 300 கிடைக்கும். தேத்தண்ணீரில் ஊற்றும் டின் பாலை நம்பாதீர்கள், இப்போது கடையில் கிடைப்பவற்றில் பல செம்பனை எண்ணெயும் சீனியும் கலந்த கிரீமர். முள்ளோடு தின்னும் நெத்திலி, தயிர், தவ்ஃபு, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லவை. நாங்கள் அதிகம் கவலைப்படுவது புரதத்தைப் பற்றி. காலையில் ரொட்டியும் தேத்தண்ணீரும், இரவில் கஞ்சியும் ஊறுகாயும் என்றால் 50 கிலோ அம்மாவுக்கு வேண்டிய 50 முதல் 60 கிராம் புரதத்தில் பாதிகூட வராது. முட்டை, மீன், பருப்பு, கடலை ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இடுப்பு முறிந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார் செய்வதுதான் பாதி வைத்தியம். விழுந்தவர் எழ முடியவில்லை, தொடை இடுக்கில் வலி, ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு முறிந்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கிக் காரில் உட்கார வைக்காதீர்கள். 999ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையணையை இரு பக்கமும் அணைகொடுத்துப் படுத்தபடியே வையுங்கள். சோறு, கஞ்சி எதுவும் ஊட்ட வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளை, குறிப்பாக ரத்தத்தை இளக்கும் மாத்திரையை, ஒரு பையில் போட்டுக்கூடவே கொண்டுபோங்கள்.

இன்னொரு வகை இன்னும் ஏமாற்றும். முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் நொண்டி நொண்டி நடக்கவும் முடியும். நடக்கிறாரே, சுளுக்குத்தான் என்று எண்ணெய் போட்டு உருவி விடுகிறவரை அழைத்து வருவார்கள். உருவும்போது செருகியிருந்த எலும்பு விலகிவிடும். சில திருகாணிகளில் முடிந்திருக்க வேண்டியது இடுப்பு மூட்டின் பந்தையே மாற்றும் பெரிய அறுவையாகிவிடும். விழுந்தபின் தொடை இடுக்கில் வலி உள்ள வயதானவரை எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் உருவக் கூடாது.

எண்பது வயதில் அறுவையா, வேண்டாம், இருக்கிற வரைக்கும் படுக்கையிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று பாசத்தோடுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் படுக்கைதான் கொல்கிறது. அறுவை செய்யாவிட்டால் வாரக்கணக்கில் அசைய முடியாது, சளி கட்டி நிமோனியா வரும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும், வலியும் தீராது. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்வது நல்லது. உடம்பு மிகவும் முடியாதவருக்கும் வலி குறைந்து புரட்டிப் படுக்க வைக்க முடிவதற்காகவே அறுவை செய்வதுண்டு. உள்ளே பொருத்தும் உலோகத்துக்குப் பணமில்லை என்று நாட்களைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, சேர்த்த அன்றே அங்கே போய்ப் பேசுங்கள். அறுவைக்கு மறுநாளே உட்கார வைத்து, நிற்க வைப்பார்கள், கொடுமை என்று தடுக்காதீர்கள். அந்த நாட்களில் இரவில் ஆளை அடையாளம் தெரியாமல் புலம்புவதும், இல்லாதவரை அழைப்பதும், டியூபைப் பிடுங்குவதும் நடக்கலாம். காத்து கருப்பு எதுவும் இல்லை. முறிவு, வலி, மருந்து, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து மூளை தற்காலிகமாகக் குழம்புகிறது. மிஸியிடம் (தாதியிடம்) உடனே சொல்லுங்கள். கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றையும் கொண்டுவந்து மாட்டிவிடுங்கள், பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

இடுப்பு முறிந்தவர்களில் நால்வரில் ஒருவரோ ஐவரில் ஒருவரோ ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்பு போல் நடப்பதில்லை. அவர்களிடம் கேட்டால் வலியைப் பற்றிக்கூட அவ்வளவு சொல்ல மாட்டார்கள். கழிவறைக்குப் போக மகளை எழுப்ப வேண்டியிருக்கிறதே என்பார்கள். கோவிலில் தரையில் உட்கார முடியவில்லை, அடுப்பங்கரையில் விடமாட்டேன் என்கிறார்கள் என்பார்கள். இதையெல்லாம் பெருமளவு திருப்பித் தர முடியும். பலரை முடக்கிப்போடுவது முறிந்த எலும்பைவிட மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயம். "நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று வீட்டார் சொல்லும்போது அந்தப் பயம் வளர்கிறது, தொடைத்தசை கரைகிறது.

தாமான் வீடுகளில் குளியலறையும் கழிவறையும் சமையலறையைவிட ஒரு படி தாழ்வாக, எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தப் படியின் விளிம்பில் பளிச்சென்று தெரியும் நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். பக்கத்துச் சுவரில், அம்மாவையே நிற்க வைத்து அவர் கை இயல்பாகப் போகும் இடத்தைக் குறித்து, செங்கல்வரை திருகாணி இறங்கும் கைப்பிடி பொருத்துங்கள். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் பிடியும் துண்டு போடும் கம்பியும் ஆள் எடையைத் தாங்கா. குந்தும் கழிவறையை உடைக்கப் பணம் இல்லையென்றால் நடுவில் ஓட்டையுள்ள கம்மோட் நாற்காலியை அதன் மேலேயே வைக்கலாம். நாலு கால் நுனியிலும் ரப்பர் இருக்க வேண்டும், அது தேய்ந்ததும் மாற்ற வேண்டும். குளிக்க முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலியும் தரைமட்டத்தில் இல்லாமல் இடுப்பு உயரத்தில் வாளியும் இருந்தால் குனிய வேண்டாம். பாசியை வாரம் இரண்டு தடவை தேய்த்துக் கழுவுங்கள். தரையைத் தொடும் நைட்டியை நாலு விரற்கடை மடித்துத் தையுங்கள். தேய்ந்த ஜப்பான் செருப்பைத் தூக்கிப் போட்டு, குதிகாலில் வார் உள்ளதை வாங்குங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு எழ வேண்டும். படுத்த நிலையிலும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தடியோ வாக்கரோ, கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடியும் கோட்டில் இருக்க வேண்டும். பயிற்சி என்றால் நடை மட்டும் போதாது. சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை வைத்துப் பத்து விநாடி நிற்பது ஆகிய மூன்றையும் பக்கத்தில் ஆள் இருக்கத் தினமும் செய்யலாம். முள்ளெலும்பு நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து செய்யும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும், குட்டை விளக்குமாற்றால் வாசல் கூட்டுவதும் அதில் சேர்த்தி. நீளக் கம்பு கட்டிய விளக்குமாறு கொடுங்கள், கூட்டவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எங்கள் வட்டார மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் கேட்டுக்கொள்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணின் மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில், வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் எலும்புப்புரைக்குப் பரிசோதனை எப்போது, மருந்து என்ன, அடுத்த தவணை எந்தக் கிளினிக்கில் என்ற மூன்று வரியை எழுத ஒரு தாதியைப் பொறுப்பாக்கினால் போதும். மருந்து சாப்பிடும் முறையைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அடித்துத் தர வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குப் படமாகப் போட்டால் இன்னும் நல்லது. அதுவரை, கட்டுப் பிரிக்க அம்மாவை அழைத்துப் போகும் மகனோ மகளோ மருமகளோ அறையை விட்டு வெளியே வருமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: "அம்மாவுக்கு எலும்புப்புரை இருக்கா, அதுக்கு மருந்து எப்போ தொடங்குறீங்க?"

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் உள்ள தாதியரும் உடலியக்கச் சிகிச்சையாளர்களும்,
சுங்கை சிப்புட், பேராக்